ஆட்-ஆனா, உச்சரிப்பு விதியா: ஞாயிற்றுக்கிழமையை எதில் போடுவது?

“ஏன்டா, பட்டன், பட்டன், பட்டன்னு மூணு தடவை சொல்லுது. எந்தப் பட்டன்டா?” என்று சித்தப்பா கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்குப் பார்க்கிறார். பார்வை போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடையின் பில்லிங் மென்பொருளை எழுதியவர்கள் பட்டன்களுக்குப் படம் வைத்தார்கள், பெயர் வைக்கவில்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் உள்ளதைத்தானே சொல்லும்?

எனக்குப் பைத்தான் என்ற நிரல் மொழி தெரியும், ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். இந்த இரண்டையும் வைத்து இரண்டு வேலை செய்து பார்த்தேன். ஒன்று, என்விடிஏ என்ற திரைவாசிப்பானுக்கு ஆட்-ஆன், அதாவது அதனுடன் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல், எழுதியது. மற்றது, எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சுப் பொறியின் தமிழ் உச்சரிப்பைத் திருத்தியது. என் சாய்வு இரண்டாவது பக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பான் இந்தக் கணக்கில் வராது. காசு கொடுத்து வாங்குவது, மூலநிரல் கைக்குக் கிடைக்காது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 40 நிமிடம்தான், அப்புறம் கணினியையே அணைத்துப் போட வேண்டும். லினக்ஸில் இருக்கும் ஆர்கா என்ற திரைவாசிப்பானும் பைத்தானில் எழுதியதுதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் சூப்பர் (விண்டோஸ் குறியிட்ட விசை), ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேச ஆரம்பித்துவிடும். ஆனால் பத்து நாள்தான் அதனுடன் பழகியிருக்கிறேன், சித்தப்பாவின் கடையில் இருப்பதோ விண்டோஸ். எனவே அதைப் பற்றி நான் சொல்வதற்கு எடை குறைவு.

என்விடிஏவை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியவர் மைக்கேல் கரன். அவரே பார்வையற்றவர். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கு மட்டும் அதைப் பழக்குவது நம்ப முடியாத அளவுக்கு எளிது: அந்த மென்பொருளின் இயங்கு கோப்புக்கு என்ன பெயரோ அதே பெயரில் ஒரு பைத்தான் கோப்பு. அவ்வளவுதான், அந்தச் சாளரம் முன்னுக்கு வரும்போதெல்லாம் நம் நிரல் விழித்துக்கொள்ளும். இரண்டு ஞாயிறில் முடித்தேன். “பட்டன்” என்றது “பில் சேமி”, “அச்சிடு”, “ரத்து” என்று சொல்ல ஆரம்பித்தது. சித்தப்பா அன்றைக்கு மத்தியானம் எனக்கு மீன்குழம்பு வைக்கச் சொன்னார். இந்தச் சந்தோஷம் உச்சரிப்பு வேலையில் ஒருநாளும் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் அதற்கப்புறம்தான். ஆட்-ஆனை எழுதுவது இரண்டு நாள் வேலை, காப்பாற்றுவது முடிவில்லாத வேலை. என்விடிஏ வருஷத்துக்கு ஏறக்குறைய நான்கு பதிப்பு வெளியிடுகிறது. அதில் வருஷத்தின் முதல் பதிப்பு பழைய ஆட்-ஆன்களோடு ஒத்துப்போகாமல் போகலாம் என்று அவர்களே சொல்லித்தான் வெளியிடுகிறார்கள். ஆட்-ஆனுக்குள் “கடைசியாகச் சோதித்த பதிப்பு” என்று ஒரு வரி உண்டு. நிரலில் ஒரு எழுத்தும் மாற வேண்டியிருக்காது. ஆனாலும் அந்த எண் பழசாக இருந்தால் ஆட்-ஆன் முடங்கிவிடும். “நேத்து வரைக்கும் பேசுச்சு, இன்னைக்கு மறுபடியும் பட்டன் பட்டன்ங்குது” என்று போன் வரும். 2023.2 பதிப்பு முதல் என்விடிஏவுக்குள் இருக்கும் ஆட்-ஆன் ஸ்டோருக்குப் போய்ப் பயனரே அந்தத் தடையை மீறி இயக்கலாம். கடையில் ஆள் நிற்கும்போது அதைத் தேடிப் போகச் சொல்வது நியாயமா? பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறிய 2019.3 பதிப்பு சமயத்தில் ஆட்-ஆன் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு என் காலத்துக்கு முந்தியது, தப்பித்தேன். இது போதாதென்று பில்லிங் மென்பொருளும் தன் பங்குக்கு மாறும். ஒருமுறை “அச்சிடு” இருந்த இடத்தில் “ரத்து” வந்து உட்கார்ந்தது. நான் எழுதிய நிரல் அசராமல் அதை “அச்சிடு” என்றே படித்தது. மூன்று பில் போனது.

ஈஸ்பீக் வேலையில் இந்தத் தலைவலி இல்லை. தமிழுக்கென்று அதில் இரண்டு உரைக் கோப்புகள்: ஒன்றில் விதிகள், இன்னொன்றில் விதிவிலக்குச் சொற்கள். கடலில் வரும் க, தங்கத்தில் வரும் க, அகத்தில் வரும் க மூன்றும் ஒரே எழுத்து, ஒலி வேறு வேறு. எது எங்கே என்று விதி சொல்கிறது. ஒரு வரி சேர்த்து, ஒரே கட்டளையில் தொகுத்து, உடனே காதால் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் முயற்சியிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பில்லில் வரும் “ரூ.” என்பதை “ரூபாய்” என்று படிக்க வைக்க ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் புதுச்சேரி வாடிக்கையாளர் ஒருவரின் முகவரி வந்தது: “ரூ துமா”. பிரெஞ்சில் வீதிக்கு ரூ. சித்தப்பாவின் கணினி “ரூபாய் துமா” என்று கணீரென்று படித்தது. “எத்தனை ரூபாய்டா?” என்று கேட்டுச் சிரித்தார். பின்னால் புள்ளி இருந்தால் மட்டும் என்று ஒரு குறி சேர்த்ததும் சரியாகிவிட்டது. அந்த வரி இரண்டு வருஷமாக அப்படியே இருக்கிறது. தமிழின் ஒலி வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடுவதில்லையே. என்விடிஏவும் பேசுவதற்கு ஈஸ்பீக் என்ஜியைத்தான் தன்னோடு கொண்டுவருகிறது, ஆர்காவும் பெரும்பாலும் அதிலேயே பேசுகிறது. திருத்தம் பொதுவில் ஏற்கப்பட்டால், இங்கே போட்ட ஒரு வரி இரண்டு பக்கமும் போய்ச் சேரும்.

குறை இல்லாமல் இல்லை. திருத்தத்தை ஏற்றுக்கொண்டாலும், அது அடுத்த வெளியீட்டில் வந்து, அதை என்விடிஏ எடுத்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். ஈஸ்பீக்கின் இயந்திரக் குரல் பிடிக்காமல் விண்டோஸின் “வள்ளுவர்” குரலுக்கு மாறிக்கொள்பவர்களுக்கு நம் உழைப்பால் ஒரு பயனும் இல்லை. சித்தப்பா மாறமாட்டார்: ஈஸ்பீக்கை அவர் ஓட்டும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது, அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. இதனாலேயே சோதித்துப் பார்க்கும் வேலையை அவரிடம் விட்டுவிட்டேன். நான் நிதானமாகக் கேட்டு “சரி” என்றதை அவர் வேகத்தில் கேட்டு “தப்பு” என்று திருப்பியனுப்பியது பலமுறை.

ஒருவருக்கு மட்டும் ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமென்றால் இரண்டுமே வேண்டாம். என்விடிஏவிலேயே பேச்சு அகராதி இருக்கிறது, நிரல் தெரியாதவர்களும் அதில் சேர்க்கலாம்.

பில்லிங் ஆட்-ஆனைக் கைவிடவில்லை, வருஷா வருஷம் அந்த எண்ணை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மென்பொருள்காரர்களுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன், அவர்கள் பட்டன்களுக்குப் பெயர் வைத்துவிட்டால் என் நிரலுக்கே வேலை இல்லை. இந்த ஞாயிறு மட்டும் உச்சரிப்புக்குத்தான். “கேஸ்” என்ற சொல் மாட்டியிருக்கிறது. எழுத்து ஒன்றுதான், சிலிண்டரா கோர்ட்டா என்று பொறிக்கு எப்படிச் சொல்வது? சித்தப்பாவைக் கேட்டேன். “நம்ம கடையில ரெண்டும் இல்ல, விடுறா” என்கிறார்.