ஒப்பந்தம் கையில் வந்தால் ஒரு வக்கீல், வழக்கு என்றால் இன்னொருவர்

பாட்டு, திரைக்கதை, நாவல், குறும்படம், கணினி விளையாட்டு என்று சொந்தமாக ஒன்றை உருவாக்கி வைத்திருப்பவர் வக்கீலைத் தேடிப் போகும் நாள் பெரும்பாலும் இரண்டு விதமாக வரும். யாரோ அவருடைய படைப்பைக் கேட்காமலே எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்கள். அல்லது, ஒரு நிறுவனம் நாற்பது பக்க ஒப்பந்தத்தை அனுப்பி, "வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள், சும்மா வழக்கமான படிவம்தான்" என்று சொல்லியிருக்கும். பதிப்புரிமை, சினிமா, இசை, ஊடகம் எல்லாம் பார்ப்போம் என்று பல வக்கீல்களின் அறிமுக அட்டையில் ஒரே வரியில் இருப்பதால், இரண்டுக்கும் ஒருவரே போதும் என்று தோன்றும். உண்மையில் இவை இரண்டு தனித்தனித் தொழில்கள்.

பதிப்புரிமை வழக்கு நடத்துபவரின் கண் ஆதாரத்தின் மேல் இருக்கும். இதை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், கூட எழுதியவர் உண்டா, எதிர்த்தரப்பு இதைப் பார்த்திருக்க வாய்ப்பு இருந்ததா என்றுதான் கேட்பார். "என் கதையைத் திருடிவிட்டார்கள்" என்று கொதிப்போடு வருபவரை உட்கார வைத்து, இரண்டு படைப்புகளையும் காட்சி காட்சியாக ஒப்பிடுவார். ஒற்றை வரிக் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதி உருக்கொடுத்த விதத்துக்குத்தான் உண்டு. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வர்த்தக அமைப்பின் 1994ஆம் ஆண்டு டிரிப்ஸ் ஒப்பந்தமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. அதனால் நல்ல பதிப்புரிமை வக்கீல் பல நேரம் முதல் சந்திப்பிலேயே "இதில் வழக்கு நிற்காது" என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அப்படிச் சொல்லத் தயங்காதவர்தான் உங்களுக்கு வேண்டும்.

ஒப்பந்தம் பார்க்கும் பொழுதுபோக்குத் துறை வக்கீல் நீதிமன்றப் படியேறுவது குறைவு. அவர் பேரம் பேசுபவர். எந்த ஷரத்தை எந்த நிறுவனம் விட்டுக்கொடுக்கும், எது பேசிப் பயனில்லாதது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஷரத்தை எடுத்துப் பார்த்தாலே இது புரிந்துவிடும். "நிகர லாபத்தில் ஐந்து சதவீதம் எழுத்தாளருக்கு" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாமாக இருந்தால் ஐந்தை ஏழாக்க முடியுமா என்று யோசிப்போம். அவர் நேராகப் பின்னால் இருக்கும் வரையறைப் பக்கத்துக்குப் போவார். விநியோகக் கமிஷன், விளம்பரச் செலவு, கடனுக்கு வட்டி, அலுவலக நிர்வாகச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் அங்கே நிகர லாபம் என்று பெயர். நன்றாக ஓடிய படத்துக்குக்கூட அந்தக் கணக்கில் லாபமே வராமல் போகலாம். எனவே அவர் சதவீதத்தை அப்படியே விட்டுவிட்டு, முன்பணத்தைக் கூட்டச் சொல்வார். இத்தனை வசூல் தாண்டினால் இவ்வளவு என்று நிலையான தொகை கேட்பார். கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமை எத்தனை வருடம் என்று எழுதச் சொல்வார். குறிப்பிட்ட காலத்துக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை எழுதியவருக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு பத்தியும் சேர்ப்பார்.

அதே நாற்பது பக்கத்தைப் பதிப்புரிமை வக்கீல் படித்தால் அவர் கண்ணில் படுவது வேறு. உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுக்கிறீர்களா, பயன்படுத்திக்கொள்ள உரிமம் மட்டும் தருகிறீர்களா என்று முதலில் பார்ப்பார். "இந்தப் படைப்பு முழுவதும் என்னுடையதே, இது குறித்து எவர் வழக்குத் தொடுத்தாலும் செலவு முழுவதும் என் பொறுப்பு" என்ற உறுதிமொழியில் பேனாவை வைத்து நிற்பார். வேறொருவர் பாட்டிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் இசைக்கும் வரிக்கும் ஓர் அனுமதி, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னோர் அனுமதி என்று இரண்டு வாங்க வேண்டும். இந்த மாதிரி ஓட்டைகளைக் கண்டுபிடிப்பதில் அவருக்குக் கைப்பழக்கம் அதிகம்.

இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள வசதி இல்லை, ஒருவர்தான் முடியும் என்றால்? ஒப்பந்தம் பார்ப்பவரிடம், கையெழுத்துக்கு முன்பே போங்கள் என்பேன். காரணம் இருக்கிறது. பதிப்புரிமை பற்றி நாடுகளுக்கிடையே 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை 1908இல் பெர்லினில் திருத்தப்பட்டபோதே, பதிப்புரிமைக்குப் பதிவு போன்ற சடங்குகள் வேண்டியதில்லை என்று முடிவாகிவிட்டது. எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது. அது கையை விட்டுப் போவது அதிகமும் நம் சொந்தக் கையெழுத்தால்தான் என்பது என் எண்ணம். திருட்டுக்காவது பிறகு வழக்குப் போடலாம். "இன்று உள்ள, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று எழுதிக்கொடுத்த பிறகு எந்தப் பெரிய வக்கீலாலும் அதிகம் செய்ய முடியாது.

எந்த நாட்டு வக்கீல் என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். ஜெர்மனியில் ஒருவர் உயிரோடு இருக்கும்போது பதிப்புரிமையையே விற்க முடியாது, பயன்படுத்தும் உரிமையைத்தான் தர முடியும். அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதற்குச் சட்டத்தின் பார்வையில் முதலாளிதான் ஆசிரியர். உள்நாட்டுப் படைப்பு என்றால் அங்கே வழக்குப் போடுவதற்கு முன் பதிவு செய்திருக்க வேண்டும். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கக்கூடிய இழப்பீடும், உரிய காலத்தில் பதிந்து வைத்தவருக்குத்தான். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு விதம். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். 2012இல் வந்த திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டிப் பங்கைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்கவே முடியாதபடி செய்துவிட்டது. ஒரு நாட்டில் கொடிகட்டிப் பறக்கும் வக்கீல் இன்னொரு நாட்டு ஒப்பந்தத்தில் சறுக்குவது இதனால்தான்.

பெரிய நிறுவனமா, தனியாக அலுவலகம் வைத்திருப்பவரா என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். நீண்ட வழக்கு, பல ஊர்களில் எதிரிகள் என்றால் ஆள்பலம் உள்ள நிறுவனம் வேண்டும். ஒரு ஒப்பந்தத்தைப் படித்துப் பேரம் பேச, அதையே தினமும் செய்யும் தனி வக்கீல் போதும். பெரிய இடத்தில் உங்களைச் சந்திப்பவர் ஒருவராகவும் படிப்பவர் இளையவராகவும் இருக்கலாம். இன்னொன்று முக்கியம். அந்த நிறுவனமே உங்கள் எதிர்த்தரப்புத் தயாரிப்பாளருக்கோ இசைக் கம்பெனிக்கோ வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். இதைக் கூச்சப்படாமல் முதல் ஃபோனிலேயே கேட்டுவிட வேண்டும்.

கட்டணத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மணிக்கணக்கு என்றால் ஒவ்வொரு ஃபோனும், ஒவ்வொரு மின்னஞ்சலும் கணக்கில் ஏறும். சந்தேகம் கேட்கவே பயமாகிவிடும். வழக்குக்கு வேறு வழி குறைவு, ஒப்பந்தத்துக்கு அப்படி இல்லை. படித்து, குறிப்பு எழுதி, இரண்டு சுற்றுப் பேச்சுவார்த்தை நடத்த இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவதுதான் புதியவருக்கு நல்லது. அமெரிக்கப் பட, இசைத் தொழிலில் வருமானத்தில் ஐந்து சதவீதம் வாங்கிக்கொள்ளும் வக்கீல்கள் உண்டு. கையில் காசில்லாத நேரத்தில் இது பெரிய உதவிதான். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால்தான் அவருக்குப் பணம். "இது மோசமான ஒப்பந்தம், எழுந்து வந்துவிடுங்கள்" என்று அவர் சொன்னால் அவருக்கும் ஒன்றும் கிடைக்காது. கெட்ட எண்ணமே இல்லாதவரையும் அந்த ஏற்பாடு கொஞ்சம் ஒப்பந்தத்தை முடிக்கும் பக்கமே தள்ளும். ஜெயித்தால் பங்கு என்ற பேச்சு எல்லா நாட்டிலும் செல்லாது. இந்தியாவில் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகளே அதைத் தடுக்கின்றன.

வக்கீலே வேண்டாம், ஏஜெண்ட் இருக்கிறார், இணையத்தில் மாதிரிப் படிவம் இருக்கிறது என்பவர்களும் உண்டு. ஏஜெண்டுக்குச் சந்தை தெரியும், சட்டப் பொறுப்பு அவருக்கு இல்லை. மாதிரிப் படிவம் நண்பர்கள் இருவர் சேர்ந்து பாட்டு எழுதும்போது யாருக்கு எவ்வளவு என்று எழுதிவைக்கப் போதும், அதற்கு மேல் வேண்டாம். அறவே தவிர்க்க வேண்டியது, "எங்கள் வக்கீலே உங்களுக்கும் சேர்த்துப் பார்த்துவிடுவார்" என்ற உபசாரம். அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறாரோ அவருடைய வக்கீல்.

பணம்தான் தடை என்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. நியூயார்க்கில் 1969இல் தொடங்கிய வாலண்டியர் லாயர்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ் போல, வருமானம் குறைந்த கலைஞர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி தரும் அமைப்புகள் சில நாடுகளில் உண்டு. சின்னச் சின்ன மீறல்களுக்கு அமெரிக்காவில் 2022 முதல் தனி வாரியமே இருக்கிறது. 30,000 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு விலகிக்கொண்டால் மட்டும் வழக்கு அங்கே நடக்காது. இரு தரப்பும் வேறு வேறு நாடு, இருவருக்கும் பேசி முடிக்க மனம் இருக்கிறது என்றால், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 1994இல் ஜெனீவாவில் தொடங்கிய சமரச மையத்தைப் பற்றி வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, ஒருவரைப் பார்த்துவிட்டீர்கள், பிடித்தும் இருக்கிறது. "இதே வகை ஒப்பந்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், படைப்பாளி பக்கமா, தயாரிப்பாளர் பக்கமா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால், தேதியுள்ள வரைவுகள், பரிமாறிய மின்னஞ்சல்கள், முழு ஒப்பந்தம் மூன்றையும் கொடுங்கள். என்ன வேலை, எந்தக் கட்டத்தோடு முடிகிறது, எவ்வளவு கட்டணம், நடுவில் வக்கீலை மாற்றினால் கோப்பு எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை அவரிடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.