டிவைடிங் மெஸ்ஸா, கான்ட்ராக்ட் மெஸ்ஸா? பில்லைப் பிரித்துப் பார்த்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் சாப்பாடு போடும் முறை பெரும்பாலும் இரண்டுதான். மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலையில் நாள் கணக்கில் பிரித்துவிடுவது டிவைடிங் மெஸ். டெண்டர் எடுத்தவர் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசி வந்து சமைப்பது கான்ட்ராக்ட் மெஸ். எது நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது டீனும் வார்டனும். சாப்பிடுகிறவன் கையில் இருப்பது தட்டு மட்டும்.

எங்கள் ஓட்டு டிவைடிங்குக்குத்தான். ருசியை வைத்துச் சொல்லவில்லை. இரண்டிலும் இட்லி கல்லாக வரும் நாள் உண்டு. டிவைடிங்கில் அது ஏன் கல்லானது என்று கணக்கைத் திறந்து கேட்க முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2023 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி விலை எகிறி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்த மாதம். அப்படிப்பட்ட மாதத்தில் டிவைடிங் மெஸ்ஸின் பில் ஏறும், ரசத்தில் தக்காளி இருக்கும். கான்ட்ராக்ட் மெஸ்ஸில் பில் அப்படியே இருக்கும், தக்காளி காணாமல் போகும். ஒரு வருடத்துக்கு ரேட்டைக் கட்டிப்போட்டு, விலை குறைவாகக் கேட்டவருக்கே டெண்டர் என்றால் வேறு என்ன நடக்கும்?

இனி பில். கணக்குக்காக ஓர் உதாரணம். விடுதியில் 400 பேர், 30 நாள் மாதம். ஊருக்குப் போனவர்கள் சாப்பிடாத நாட்களுக்குப் பெறும் ரிடக்‌ஷனைக் கழித்தால் மொத்த மெஸ் நாட்கள், அதாவது ஒவ்வொருவரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகை, 9,600. மொத்தச் செலவு 10,56,000 ரூபாய். வகுத்தால் ஒரு நாளைக்கு 110. முழு மாதம் இருந்தவருக்கு 3,300, பத்து நாள் ரிடக்‌ஷன் எடுத்தவருக்கு 2,200. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செலவுக்குள் சமையல்காரர், சப்ளையர் சம்பளம் 2,40,000 ஒளிந்திருக்கிறது என்று வையுங்கள். 400 பேர் இருந்தாலும் 100 பேர் இருந்தாலும் அது குறையாது. பொங்கலுக்கு விடுதியே காலியாகும்போது, ஊருக்குப் போக முடியாத வெளிமாநிலப் பிள்ளைகள் தலையில்தான் அது விழும்.

இதற்கு மருந்து, சம்பளத்தை எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் என்று தனியே எடுத்து எல்லோருக்கும் சமமாகப் போடுவது. மேலே உள்ள கணக்கில் ஆளுக்கு 600. மீதி 8,16,000ஐ 9,600ஆல் வகுத்தால் நாளுக்கு 85. முழு மாதம் இருந்தவருக்கு 3,150, பத்து நாள் போனவருக்கு 2,300. ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை. இதைச் செய்யாத நிர்வாகம் கணக்கில் சோம்பேறி என்று முடிவு கட்டலாம்.

அடுத்த ஓட்டை, ஸ்டாக். மாதச் செலவு என்பது தொடக்க இருப்பு, அதோடு வாங்கியது, அதில் மாதக் கடைசி இருப்பைக் கழித்தது. கடைசி இருப்பை எடை போடாமல் "வாங்கியது எல்லாம் செலவு" என்று எழுதுகிற விடுதியில், ஏப்ரல் இறுதியில் வந்திறங்கும் 25 கிலோ அரிசி மூட்டைகளுக்கு நான்காம் ஆண்டு மாணவர்கள் பணம் கட்டுவார்கள், சாப்பிடுவது ஜூனியர்கள். ஸ்டாக் எடுக்கும் நாளில் மாணவர் பிரதிநிதி ஒருவர் ஸ்டோர் ரூமில் நின்றாலே பாதி சரியாகிவிடும். மெஸ் கமிட்டி என்று பெயர் மட்டும் வைத்து, கையெழுத்து மட்டும் வாங்கும் இடங்களில் இது நடப்பதில்லை.

சாம்பாரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு வேளைக்குத் தலைக்கு 25 கிராம் துவரம் பருப்பு என்றால் 400 பேருக்கு 10 கிலோ. ஸ்டோரிலிருந்து சமையலுக்கு எடுத்துக் கொடுத்ததை எழுதும் தினசரி இஷ்யூ ரிஜிஸ்டரில் 6 கிலோ என்று இருந்தால் மீதியை அரிசி மாவு கரைத்துச் சரிக்கட்டியிருப்பார்கள். அந்தச் சாம்பார் தட்டில் ஆறியதும் பசையாக உறையும். சில இடங்களில் ரிஜிஸ்டரில் 10 கிலோ சரியாகவே இருக்கும், சாம்பாரோ தண்ணீர் வேறு பருப்பு வேறாகப் பிரிந்து நிற்கும். சமையல்காரரைத் திட்டுவதற்கு முன் குழாய்த் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாது; கேஸும் வீண். ஆர்.ஓ. பிளான்ட் வைத்த நிர்வாகம் குடிநீர்க் குழாயோடு நிறுத்திக்கொள்ளும். பருப்பு வேகவைக்க மட்டுமாவது அந்த பைப்பைச் சமையல்கட்டு வரை இழுத்தால் சாம்பார் புகார்களில் பாதி அடங்கும். மெனுவை மாற்றக் கூட்டம் போடுகிறவர்களுக்கு இந்தக் குழாய் ஏனோ கண்ணில் படுவதில்லை.

கான்ட்ராக்ட் மெஸ்ஸுக்கும் நியாயம் பேச வேண்டும். வாங்குவது, ஆள் பிடிப்பது, லீவு போட்ட மாஸ்டருக்கு மாற்று தேடுவது எல்லாம் அவர் தலைவலி. சம்பளத் தகராறு வார்டன் அறைக்கு வராது. ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, குறைந்தபட்ச எண்ணிக்கை உத்தரவாதம்: இத்தனை பேருக்குக் குறையாமல் பணம் தருவோம் என்று கல்லூரி ஒப்புக்கொண்டிருந்தால், ரிடக்‌ஷன் விதி இறுகுவது அதனால்தான். இன்னொன்று, அபராதம்: புழு கிடந்தால், சாப்பாடு தீர்ந்துபோனால் எவ்வளவு பிடித்தம் என்று ரூபாயில் எழுதியிருக்க வேண்டும். "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்" என்பது எதற்கும் உதவாது.

வரியும் உண்டு. கல்லூரியே தன் மாணவர்களுக்குச் சமைத்துப் போட்டால் ஜி.எஸ்.டி. கிடையாது, வெளி ஆள் நடத்தினால் 5 சதவீதம். 2018 ஜனவரியில் வந்த விளக்கம் இது. 110 ரூபாய் ரேட் 115.50 ஆகிறது. டெண்டரில் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்காமல் விட்டால் வருட நடுவில் பில்லில் முளைக்கும்.

அசைவத்துக்கு எக்ஸ்ட்ரா டோக்கன் முறைதான் சிறந்தது. சிக்கன் வேண்டியவர் கணக்கில் மட்டும் சிக்கன் ஏறும், சண்டை இல்லை. அதைத் தாண்டி மேசையையும் வாசலையும் பிரிக்கப் போனால்தான் வில்லங்கம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று ஒட்டிய அறிவிப்பு சர்ச்சையாகி அகற்றப்பட்டது. 2023இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சைவ மேசைகளை எதிர்த்து அங்கேயே அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். சாப்பாட்டுத் தரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

விடுதியில் சேருமுன் மெஸ்ஸை எடைபோட ஐந்து நிமிடம் போதும். வாசலில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் தொங்குகிறதா, சமையல்கட்டில் இருப்பது 19 கிலோ வணிக சிலிண்டரா அல்லது வீட்டு சிவப்பு சிலிண்டரா, தண்ணீர்த் தொட்டியில் கழுவிய தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ருசி பார்ப்பதானால் முதல் பந்தியில் உட்காராதீர்கள். மெஸ் மூட இருபது நிமிடம் இருக்கும்போது போங்கள். பொரியல் மிச்சமிருக்கிறதா, சப்பாத்தி ஹாட்பாக்ஸில் வியர்த்து ஒட்டிக்கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். திரும்பும்போது நோட்டீஸ் போர்டில் போன மாத பில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. நாள் ரேட் மட்டும் இருந்து, மொத்தச் செலவும் மெஸ் நாட்களும் இல்லாவிட்டால், அங்கே நடப்பது டிவைடிங் என்ற பெயரில் கான்ட்ராக்ட்.