55 டன் டிரெய்லருக்கு இழுவை கூட்ட நான்கு வழிகள்: எதில் இன்ஜின் தப்பும்?

2018-ல் அச்சு எடை வரம்பு மாறியபோது, டிரெய்லர்களின் அதிகபட்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்ந்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று இன்ஜின் திறனைக் கூட்டும் டியூனிங் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 55 டன் வண்டி 5 சதவீத ஏற்றத்தை 20 கி.மீ. வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 230 குதிரைத்திறன் வேண்டும். கியர்பாக்ஸிலும் பின் அச்சு ஹவுசிங்கிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இன்ஜினில் 250. இதை 15 சதவீதம் கூட்டினால் வேகம் 23 கி.மீ. ஆகும், 5 கி.மீ. ஏற்றத்தில் மிச்சமாவது இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக எந்தப் பாகத்தின் ஆயுள் கரைகிறது என்பதே கேள்வி.

மலிவானது டியூனிங் பாக்ஸ். டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கும் ரெயில் குழாயின் பிரஷர் சென்சாருக்கும், இன்ஜினை ஆளும் கணினியான இசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய்க் கணக்கு சொல்லும். இசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நாசில் திறக்கும் அதே நேரத்தில் அதிக டீசல் இறங்கும். புகை, டார்க் (முறுக்கு விசை), வெப்பம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு வரம்புகளெல்லாம் உண்மையான டீசல் அளவு தெரியாமலேயே வேலை செய்யும். உயர் அழுத்த பம்பும் இன்ஜெக்டரும் சீக்கிரம் தேயும். ரெயிலின் பாதுகாப்பு வால்வு ஒருமுறை திறந்துவிட்டால், பிறகு சரியாக மூடாமல் கசியக்கூடும். அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகவே திணறும். லோடு வண்டிக்கு இதை வைக்கவே கூடாது.

இரண்டாவது வழியான இசியூ ரீமேப், அதாவது இசியூவின் மென்பொருளையே மாற்றுவது, அப்படியில்லை. இன்ஜினின் எந்தச் சுற்றில் (ஆர்பிஎம்) எவ்வளவு டார்க் கூட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது நல்லதாகவும் அமையும், நாசமாகவும் முடியும். 1100 நியூட்டன் மீட்டர் இன்ஜினும் 1150 வரை தாங்கும் கியர்பாக்ஸும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். மிச்ச இடம் 50 தான், ஐந்து சதவீதம்கூட இல்லை. அந்த 50-ஐ 1100 சுற்றில் கூட்டினால் கிடைப்பது 8 குதிரைத்திறனுக்கும் குறைவு. சிலிண்டர் அழுத்தம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் இடம் அது. ஹெட் கேஸ்கெட், பேரிங், கிளட்ச், பின் அச்சின் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் எல்லாம் அங்கேதான் அடி வாங்கும். அதே 50-ஐ, டார்க் இயல்பாகவே இறங்கிக்கொண்டிருக்கும் 2000 சுற்றில் கூட்டினால் 14 குதிரைத்திறன் கிடைக்கும். கியர்பாக்ஸுக்குப் போகும் உச்ச டார்க் மாறாது. ஆகவே ரீமேப் செய்பவரிடம் "எத்தனை குதிரைத்திறன் கூட்டுவீர்கள்?" என்று கேட்பதைவிட, முன்னும் பின்னும் எடுத்த டைனோ (திறன் அளக்கும் கருவி) வரைபடத்தைக் கேளுங்கள். 1400 சுற்றுக்குக் கீழே இரண்டு கோடுகளும் ஒன்றாக ஓட வேண்டும். பழைய இசியூ ஃபைலின் பிரதியையும் வாங்கி வையுங்கள். தர மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

மேல் சுற்றில் கூட்டினாலும் வெப்பம் கூடத்தான் செய்யும். புகையின் வெப்பத்தைப் பார்க்க டர்போவுக்கு முன்னால் வெப்பமானி பொருத்துங்கள். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் லோடில் 100 டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும். நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டிரைவர் ஒரு கியர் குறைத்து, ஆக்சிலரேட்டரையும் தளர்த்த வேண்டும். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் யூரியாவின் செலவு கூடலாம், கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அடிக்கடி தன்னைச் சுத்தம் செய்யும், அதனால் ஆயிலில் டீசல் கலக்கவும் வாய்ப்புண்டு. ஆயில் மாற்றும் இடைவெளியை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். டிபிஎஃப்பையும் யூரியாவையும் "ஆஃப்" செய்து தருகிறேன் என்பவர் சட்டவிரோத வேலைக்கு அழைக்கிறார்.

தயாரிப்பாளரே கொடுக்கும் உயர் ரேட்டிங் (கூடுதல் குதிரைத்திறன் அமைப்பு) மூன்றாவது வழி. ஒரே 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின் பல குதிரைத்திறன்களில் விற்பனையாகிறது. ஆனால் வித்தியாசம் மென்பொருளில் மட்டும் இல்லை. டர்போ, இன்ஜெக்டர், பிஸ்டன் மாறியிருக்கலாம். கம்மின்ஸ் இன்ஜினின் பெயர்த்தகட்டில் சிபிஎல் என்று ஓர் எண் இருக்கும். முக்கியப் பாகங்களின் பட்டியலைக் குறிக்கும் எண் அது. அதே சிபிஎல்லில் உயர் ரேட்டிங் இருந்தால், நான்கு வழிகளில் இதையே முதலில் எடுப்பேன். எண் வேறானால் விட்டுவிடுங்கள்.

நான்காவது, இன்ஜினைத் தொடாமல் கிரவுன் பினியனை மாற்றுவது. 9-க்கு 41 பல் செட்டை எடுத்துவிட்டு 7-க்கு 37 போட்டால் சக்கரத்தில் இழுவை 16 சதவீதம் கூடும். குதிரைத்திறன் கூடாது என்பதால் நீண்ட ஏற்றத்தில் வேகம் பெரிதாக மாறாது. ஆனால் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச் பிளேட் எரியாது. நஷ்டம் சமவெளியில். 295/90 ஆர்20 டயரில், டாப் கியர் நேரடியாக (1:1) இருந்தால், 60 கி.மீ. வேகத்தில் சுமார் 1440 சுற்று 1670 ஆகும், மைலேஜ் இறங்கும். குவாரி, சுரங்கம், மலைப்பாதை வண்டிக்கு இது சரி. நாமக்கல்லிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு வேண்டாம். மாற்றிய பிறகு இசியூவில் புதிய விகிதத்தைப் பதிய வேண்டும். விட்டால் ஸ்பீடோமீட்டரும் வேகக் கட்டுப்பாடும் தவறும்.

எந்த வழிக்குப் போவதற்கு முன்பும் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இரு முனையையும் அடைத்து 2 பார் காற்று ஏற்றிப் பாருங்கள். 15 நொடியில் அரை பாருக்கு மேல் இறங்கினால் ஹோஸிலோ கூலரிலோ கசிவு. ஏர் ஃபில்டர், வால்வு இடைவெளி, இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் டீசல் (ரிட்டர்ன்) அளவு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இழுவைக் குறைவு பல வண்டிகளில் இங்கேயே சரியாகிவிடும். டார்க் கூட்டியதால் பிரேக் கூடுவதில்லை என்பதையும் டிரைவரிடம் சொல்லி வையுங்கள்: தொப்பூர் இறக்கத்தில் பழைய கியர், பழைய வேகம்தான்.