பதிவேட்டில் இடமில்லாத வீடுகள்: மூன்று ஜப்பானியப் படங்கள்

ஜப்பானில் பிறப்பு, திருமணம், தத்தெடுப்பு அனைத்தையும் குடும்பவாரியாகப் பதிந்துவைக்கும் ‘கோசெகி’ என்ற அரசுப் பதிவேடு இருப்பதால், அதில் அடங்காத உறவோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோரின் கதை அங்கே வெறும் வீட்டுக் கதையாக நின்றுவிடுவதில்லை. ஹிரோகாசு கொரே-எடாவின் ‘அவர் லிட்டில் சிஸ்டர்’ (2015), ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ (2018), நவோகோ ஒகிகாமியின் ‘க்ளோஸ்-நிட்’ (2017) ஆகிய மூன்றிலும், பெற்றோரின் அரவணைப்பு இல்லாத ஒரு சிறுமிக்கு வேறொரு வீடு இடம் கொடுக்கிறது. அந்த வீட்டுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது, வெளியுலகம் கதவைத் தட்டும்போது என்ன ஆகிறது என்ற இரு கேள்விகளைக் கொண்டு இவற்றை எடைபோடலாம்.

‘அவர் லிட்டில் சிஸ்டர்’ படத்தில் இரு கேள்விகளுக்குமே அதிக வேலையில்லை. காமகுராவில் பாட்டியின் பழைய வீட்டில் வாழும் மூன்று சகோதரிகளும் சம்பாதிக்கிறார்கள்; அவர்கள் அழைத்துவரும் சுசு, தங்களைவிட்டுப் போன அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த தங்கை. ‘உங்கள் குடும்பத்தைக் குலைத்தவளின் மகள்’ என்று முணுமுணுக்கும் உறவுக்காரக் கிழவியைத் தவிர யாரும் தடுப்பதில்லை. ஆனால் மூத்தவள் சாச்சியே மனைவியுள்ள ஒரு மருத்துவரைக் காதலிக்கிறாள் என்பதால், தான் வெறுத்த பெண்ணின் இடத்தில் தானே நிற்க நேர்கிறது. படத்தின் கனமெல்லாம் அந்த முடிச்சில்தான் இருக்கிறது.

‘க்ளோஸ்-நிட்’ துணிச்சலில் மேலானது. தாய் வீட்டைவிட்டுப் போய்விட, பதினொரு வயது தோமோ தன் மாமாவிடம் வருகிறாள். அவரோடு வாழும் ரின்கோ ஒரு திருநங்கை, முதியோர் இல்லத்தில் பணியாற்றுபவர். பதிவேட்டில் தன் பாலினத்தை மாற்றிக்கொள்வதும் தோமோவைத் தத்தெடுப்பதும் அவருடைய கனவுகள். குழந்தைகள் நல அதிகாரிகள் விசாரிக்க வரும் காட்சி உண்மையாகவே உறுத்துகிறது. குறை ஒன்றுதான்: ரின்கோவிடம் அப்பழுக்கே இல்லை. எதிர்ப்பவர்களுக்கு நியாயம் எதுவும் மிச்சம் வைக்காமல் ஆடும் ஆட்டத்தில் வெற்றி எளிதாகிவிடுகிறது.

கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்ற ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ அந்த எளிய வழியை நாடுவதில்லை. இந்த வீடு பாட்டியின் ஓய்வூதியத்திலும் கடைத் திருட்டிலும் ஓடுகிறது. பாட்டி இறந்ததும் வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்டு, ஓய்வூதியத்தைத் தொடர்ந்து எடுக்கிறார்கள். அந்த வீட்டில் வளர்ந்து, இப்போது மருத்துவமனையில் கிடக்கும் சிறுவன் ஷோதாவை விட்டுவிட்டு இரவோடு இரவாக ஓடவும் துணிகிறார்கள். இத்தனையும் தெரிந்த பிறகும், குளியல் தொட்டியில், அங்கே தாயின் இடத்தில் இருக்கும் நொபுயோவின் கையிலுள்ள இஸ்திரிப் பெட்டிச் சூட்டுத் தழும்பை, அவர்கள் எடுத்து வளர்க்கும் சிறுமி யூரி தடவிக்கொடுக்கும் காட்சியைப் பொய்யென்று தள்ள முடிவதில்லை. யூரியின் கையிலும் அதே தழும்பு இருக்கிறது. பாசமும் பணமும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதைப் பார்வையாளரே சுமக்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏன் திருடக் கற்றுக்கொடுத்தாய் என்று விசாரணையில் கேட்கும்போது, கற்றுக்கொடுக்கத் தன்னிடம் வேறெதுவும் இல்லை என்கிறார் தந்தையின் இடத்தில் இருக்கும் ஒசாமு. அந்த வேடத்தில் நடிக்கும் லில்லி ஃப்ராங்கி அதை அனுதாபம் தேடும் தொனியே இல்லாமல் சொல்கிறார்.

இரக்கம் வேண்டுவோருக்கு ஒகிகாமியின் படமும், மழை நாளில் நிதானமாகப் பார்க்க காமகுரா சகோதரிகளும் போதும். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் என் தேர்வு ‘ஷாப்லிஃப்டர்ஸ்’. சுசு தங்கிவிடுகிறாள், அங்கே அப்பாவின் இரத்தம் துணைநிற்கிறது. தோமோ திரும்பிவந்த தாயோடு போகிறாள், ஆனால் அந்தத் தாய் கொடுமைக்காரி அல்ல. யூரியையோ சட்டம் தன் கடமையைச் சரியாகச் செய்து, அவளுக்குச் சூடு வைத்த பெற்றோர் வீட்டிலேயே கொண்டுபோய் விடுகிறது. அவளுக்கு இடம் கொடுத்த வீட்டைக் கலைத்ததும் அயலார் மட்டுமல்ல: தங்கையாகிவிட்ட யூரியும் திருடத் தொடங்குவதைப் பொறுக்காமல், வேண்டுமென்றே பிடிபட்ட ஷோதாதான் முதல் காரணம்.