வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம்: சிறு வார்ப்பு வேலை கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வவுனியாப் பக்கம் சிறிய உலோக வார்ப்புகள் செய்துகொடுக்கும் பட்டறை ஒன்று, வெள்ளீயம் (tin) என்று காசு வாங்கிக்கொண்டு காரீயத்தை (lead, வெறுமனே ஈயம் என்பதும் இதைத்தான்) வார்த்துத் தலையில் கட்டுகிறது. கப்பல் மாதிரி, தேர் மாதிரி, பரிசுக் கேடயம் என்று எதற்காகவேனும் வார்ப்பு வேலை கொடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். என் முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாமலே ஆளைப் பிடிக்க வழி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் மாணவர்களுக்கு மரவேலை கற்பித்து ஓய்வுபெற்றவன். இப்போது வீட்டு விறாந்தையில் வாசா என்ற சுவீடன் கப்பலின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன். 1628 ஆகஸ்ட் 10 அன்று, முதற்பயணம் புறப்பட்ட அன்றே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் கவிழ்ந்துபோன போர்க்கப்பல் அது. 1961 ஏப்ரல் 24 அன்று கடலடியிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். அங்கே குடியிருக்கும் என் தம்பி மகள் அதன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வந்து, "பெரியப்பா, இதை நீங்கள்தான் செய்ய வேண்டும்" என்று வரைபடங்களை அனுப்பிவைத்தாள். வல்வெட்டித்துறையில் கட்டி 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை ஓடிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைச் செய்தால் பாயும் கயிறுமாக வேலை முடிந்துவிடும், இந்தச் சிற்பத் தலைவலி எதற்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

வாசாவின் பெருமையும் தொல்லையும் அதன் சிற்பங்கள். ஓக், பைன், லிண்டன் மரங்களில் செதுக்கிய உருவங்களும் அலங்காரங்களும் ஏறத்தாழ எழுநூறு. முகப்பில் பாயும் சிங்கம், மூக்குப் பகுதியில் ரோமப் பேரரசர்களின் வரிசை, பின்பக்கம் முழுவதும் வீரர்களும் தேவதைகளும், பீரங்கி வாசல்களின் மூடிகளைத் திறந்தால் உட்புறத்தில் உறுமும் சிங்கமுகங்கள். எழுபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் முகப்புச் சிங்கம் நாலு சென்ரிமீற்றரை ஒட்டி வரும். மூடிகளில் இருக்கும் சிங்கமுகம் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதல்ல. ஒரே முகத்தை வரிசையாக எத்தனை தடவை செதுக்குவது? ஒன்றை நன்றாகச் செதுக்கி, அச்செடுத்து, மற்றவற்றை வார்ப்பதுதான் உலகம் முழுவதும் வழக்கம்.

மூல உருவத்தை நானே செய்தேன். சிங்கமுகத்துக்கு முதிரைக் கட்டை. இழை நெருக்கமான மரம், மயிரளவு வெட்டையும் உதிராமல் தாங்கும். தையல் ஊசியின் முனையைத் தட்டையாக்கித் தீட்டிய சின்ன உளி, கண்ணில் கடிகாரக்காரரின் உருப்பெருக்கி. இவ்வளவு சிறிய முகத்தில் உள்ளபடி செதுக்கினால் எதுவும் தெரியாது. கண்குழியை அளவுக்கு மீறி ஆழமாக்க வேண்டும், பிடரிமயிரின் வரிகளைப் பாதியாகக் குறைத்து ஒவ்வொன்றையும் தடிப்பாக்க வேண்டும். வார்ப்பும் நிறப்பூச்சும் சேர்ந்து எப்படியும் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அப்படிச் செதுக்கும்போது இடது கண்ணுக்குக் கீழே உளி ஒரு நூல் வழுக்கிச் சாய்வாகக் கோடு விழுந்தது. கோபமான முகத்துக்கு அது பொருத்தமாகவே இருந்ததால் விட்டுவைத்தேன். முகப்புச் சிங்கத்தை மட்டும் அடுப்பில் சுட்டு இறுக்கும் பொலிமர் களிமண்ணில் பிடித்தேன்.

பட்டறை முதலாளி இளம் வயதுக்காரர், பேச்சில் தேன். முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர்களுக்கு வலைக்கான ஈயக்குண்டு வார்ப்பது அவருடைய பிரதான தொழில். நான் கேட்டது தெளிவானது: ஈயம் கலக்காத வெள்ளீயக் கலவை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளீயம், மிச்சம் அன்ரிமனியும் செம்பும். மூல உருவத்தைச் சூட்டு ரப்பரில் வைத்து அழுத்தக்கூடாது, அறைச்சூட்டில் இறுகும் சிலிக்கன் ரப்பரில்தான் அச்செடுக்க வேண்டும்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா மாஸ்டர்? சுத்த வெள்ளீயம். கொழும்பிலிருந்து கட்டியாக வருகிறது."

வெள்ளீயத்தின் விலையைச் சொல்லி, அதற்கேற்ற கூலியையும் சொல்லி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். பற்றுச்சீட்டில் உலோகத்தின் பெயரை எழுதித் தாருங்கள் தம்பி என்றேன். "மெட்டல் சாமான், 1 செட்" என்று எழுதி நீட்டினார். வெள்ளீயம் என்று எழுதுங்கள் என்று மறுபடி சொன்னபோது, புத்தகத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "என்னில் நம்பிக்கை இல்லையா மாஸ்டர்?" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். பெயர் எழுதத் தயங்கும் பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள். வேறெந்த அடையாளமும் தேவையில்லை.

சாமான் வந்தது. பளபளவென்றிருந்தது. ஆனால் களிமண் சிங்கத்தின் முன்கால் முறிந்து, பிடரி ஒருபக்கம் நசுங்கித் திரும்பி வந்தது. முதிரை முகத்தின் மூக்குத் தட்டையாகியிருந்தது. நகைப்பட்டறைகளில் மெழுகு அச்சுக்குப் பாவிக்கும் ரப்பரை நூற்றைம்பது பாகைச் சூட்டில், இரும்புப் பலகைகளுக்கு இடையில் வைத்து நெருக்குவார்கள். உலோக மூலத்துக்குத்தான் அது சரி. களிமண்ணும் மரமும் அந்த அழுத்தத்தைத் தாங்கா. செய்யக்கூடாது என்று சொன்னதையே செய்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "வார்ப்பு நன்றாக வந்துவிட்டதே, இனி இது எதற்கு?" என்றார். அச்சைத் தாருங்கள் என்றால், "அச்சு எங்களுடையது" என்றார்.

வார்ப்புகளுக்கு அடிப்பூச்சு கொடுத்து, பொன்னிறமும் சிவப்பும் தீட்டி, மூடிகளில் ஒட்டி, கப்பலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். மாரி பெய்து ஓய்ந்தபின் ஒருநாள் துடைப்பதற்காகக் கிட்டப் போனால், சிங்கங்களின் பிடரியில் திருநீறு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தது. பூஞ்சணம் என்றுதான் முதலில் நினைத்தேன். உருப்பெருக்கியில் பார்த்தபோது பொன்னிறப் பூச்சு வெடித்து, வெடிப்புக்குள்ளிருந்து அந்த வெள்ளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு முகத்தில் மூக்கையே காணவில்லை. அது இருந்த இடத்தில் கொஞ்சம் தூள்தான் கிடந்தது.

இது கப்பல் மாதிரி செய்பவர்களுக்கு மிகப் பழைய எதிரி. பெரிய அருங்காட்சியகங்களிலேயே காரீய நங்கூரங்களும் பீரங்கிகளும் இப்படித் தூளாகியிருக்கின்றன. மரமும், பிளைவுட்டில் இருக்கும் பசையும் மெல்ல மெல்ல வினாகிரி அமிலத்தின் ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கும். ஈரப்பதமும் காற்றில் இருக்கும் கரியமிலவாயுவும் சேர, காரீயம் வெள்ளைக் காபனேற்றாக மாறும். மாறும்போது அமிலம் திரும்ப விடுபட்டு அடுத்த பகுதியைப் பிடிக்கும். அதனால் ஆவி கொஞ்சமாக இருந்தாலே போதும், அரிப்பு நிற்காது. பூச்சு அடித்து மூடினாலும் தப்பாது. வெள்ளீயத்துக்கு இந்த நோய் வராது.

மூக்கில்லாத சிங்கத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலாளி அதைக் கையில் வாங்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"பெட்டிக் கண்ணாடியை எதால் ஒட்டினீர்கள் மாஸ்டர்? புளித்த மணம் வரும் சிலிக்கன்தானே? அதுதான் காரணம். எங்கள் சாமானில் குறை இல்லை."

ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது! குளியலறை ஓட்டை அடைக்கும் அந்தப் பசை இறுகும்போது வினாகிரி அமிலத்தை விடுவது உண்மை. கண்ணாடிக்காரர் அதைத்தான் பூசியிருந்தார். ஆனால் அந்த ஆவி காரீயத்தை அரிக்கும் என்று தெரிந்தவர், வெள்ளீயம் என்று விற்ற பொருளுக்கு ஏன் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும்? இதைக் கேட்டதும் தம்பிக்கு வேறு வேலை வந்துவிட்டது. உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், பின்பக்கத்தில் பழைய வாகன பற்றரிகளை உடைத்துக் குவித்திருந்தது தெரிந்தது. பற்றரிக்குள் இருப்பது காரீயத் தகடு. கொழும்பிலிருந்து வரும் கட்டி எது என்று அப்போது விளங்கியது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப்போலப் பல மடங்கு. அந்த வித்தியாசம் முழுக்க அவருடைய பைக்குள்.

இதோடு முடிந்திருந்தால் என் காசு, என் கப்பல் என்று பேசாமல் இருந்திருப்பேன். யாழ்ப்பாணம் போகும் வழியில் பஸ் முறிகண்டியில் நின்றது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கப் போன இடத்தில், கடைத் தட்டியில் சாவிக்கொத்துகள் தொங்கின. அவற்றில் ஒரு சிங்கமுகம். இடது கண்ணுக்குக் கீழே சாய்வாக ஒரு கோடு. என் உளி வழுக்கிய அதே கோடு! கடைக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மொத்தமாகக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்றார். ஒன்றை வாங்கித் தாளில் உரசினேன். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. பூச்சுக்கூட இல்லாத வெறும் காரீயம். இதைச் சிறு பிள்ளை வாயில் வைக்காது என்று யார் உறுதி சொல்வது? பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் எந்த அளவையும் சொல்வதில்லை. அது மூளை வளர்ச்சியைத் தொடும் நஞ்சு. என் சிற்பத்தைத் திருடியதைவிட இதுதான் என்னை எழுதவைத்தது.

இனிச் சோதனை. தாளில் உரசுவது முதற்படி. காரீயம் கோடு போடும், நல்ல வெள்ளீயம் போடாது. கலவையென்றால் மங்கலாகப் போட்டு ஏமாற்றும். ஆகவே நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் இலத்திரனியல் தராசு போதும். முதலில் வார்ப்பை அப்படியே நிறுங்கள். பிறகு தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். வார்ப்பை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக மூழ்கும்படியும் அடியிலோ பக்கத்திலோ முட்டாதபடியும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் நிறையைப் பிரியுங்கள். காரீயம் என்றால் 11-ஐ ஒட்டி வரும், வெள்ளீயம் என்றால் 7.3-ஐ ஒட்டி வரும். 8-ஐத் தாண்டினாலே கலப்படம்தான். சிறிய சாமான் ஒன்றைத் தனியாக நிறுத்தால் பிழை பெரிதாகும். பலவற்றைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள். என்னுடையவை 45 கிராம், தண்ணீரில் காட்டியது 4.1. வெள்ளீயமாக இருந்தால் 6-க்கு மேல் காட்டியிருக்க வேண்டும். பூச்சு அடிப்பதற்கு முன், முடிந்தால் மிச்சக் காசைக் கொடுப்பதற்கு முன், பட்டறை மேசையிலேயே இதைச் செய்யுங்கள். தராசை எடுத்ததும் முதலாளியின் முகம் மாறுகிறதா என்று பாருங்கள், அதுவும் ஒரு சோதனைதான்.

சாமானை வாங்கிய அன்றே நிறுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சொன்ன உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றிய முறைப்பாட்டை வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காரீயம் பூப்பதற்கு அதைவிடக் காலம் எடுக்கும். என் சிங்கங்களும் மூன்று மாதம் கடந்த பின்தான் பூத்தன. அதனால் நான் இப்போது இணக்க சபைக்குப் போயிருக்கிறேன். அங்கே காட்ட "மெட்டல் சாமான்" என்ற ஒரு துண்டுத் தாளும், மூக்கில்லாத சிங்கமும், முறிகண்டிச் சாவிக்கொத்தும் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சபைக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

அந்தப் பட்டறையில் ஏற்கெனவே வார்ப்பித்தவர்கள் வெள்ளைத் தூளைக் கண்டால் வாயால் ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ வேண்டாம், தேய்க்கும் அரத்தாளைத் தொடவே வேண்டாம். அந்தத் தூள் சுவாசத்தோடு போகும். கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். குசினி மேசையில் இந்த வேலை ஆகாது. பழுதான சாமான்களைக் கழற்றும்வரை பெட்டியின் பின்பக்கத்தில் காற்றுப்போக நாலு துளை போட்டுவிடுங்கள். சாவிக்கொத்தைப் பிள்ளைகளின் கையிலிருந்து இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.