ரேஸரை எங்கே நிறுத்துவது? கராஜ், சைடு யார்டு, ஸ்டோரேஜ், நம்பர் பிளேட்: ஓர் அரிசோனா அலசல்

போன வாரம் சாண்ட்லரிலிருந்து தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, பொலாரிஸ் ரேஸர் ஒண்ணு பழசு, நல்ல விலைக்கு வருது. வாங்கிடலாமா?" ரேஸர் என்பது மண்பாதையில் ஓட்டும், கூண்டு போட்ட நான்கு சக்கரத் திறந்த வண்டி. வண்டி எப்படி ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை. "உன் கராஜ் கதவு எத்தனை அடி அகலம்?" என்றுதான் கேட்டேன். சிரித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒருவர் இதையே கேட்டபோது நானும் சிரித்தவன்தான். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பன்னிரண்டாம் நாள் தபால் பெட்டியில் எச்ஓஏ, அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்தின், நோட்டீஸ் கிடந்தது.

பீனிக்ஸ் பக்கம் ஓட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஃபோர் பீக்ஸ், டேபிள் மெசா, புல்டாக் கேன்யன், கிரவுன் கிங் என்று மண்பாதை போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் நிறுத்தத்தான் இடமில்லை. நான்கு வழிகளையும் நான் ஏதோ ஒரு கட்டத்தில் முயன்றோ விசாரித்தோ இருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், யார் உங்களைத் தடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். மாநிலம் ஆண்டுக்கு 25 டாலர் கட்டி ஸ்டிக்கர் வாங்கச் சொல்லும். இரவில் வண்டி எங்கே தூங்குகிறது என்று அது கேட்பதில்லை. கேட்பவர்கள் இரண்டு பேர், நகராட்சியும் எச்ஓஏவும். இருவருடைய கவலையும் வேறு வேறு.

நகராட்சிக்குப் புழுதி பயம். 10 மைக்ரானுக்கும் குறைவான தூசு விஷயத்தில் மேரிகோபா கவுண்டி பல பத்தாண்டுகளாகக் கூட்டரசின் வரம்பை மீறிய பகுதியாகப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் இங்குள்ள நகரங்கள் வெறும் மண்ணில் வண்டி நிறுத்தினால் விடுவதில்லை. கான்கிரீட், பேவர் கல், நன்றாக இறுகிய ஜல்லி என்று புழுதி கிளம்பாத தளம் கேட்பார்கள். முன்புறமா பக்கவாட்டா, மதில் உண்டா இல்லையா என்பது ஊருக்கு ஊர் மாறும். கில்பர்ட்டில் செல்லுபடியாவது மெசாவில் செல்லாது. விதிகள் மீறப்படுகின்றனவா என்று பார்க்கும் உங்கள் ஊரின் கோட் கம்ப்ளையன்ஸ் ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது உத்தமம். பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

எச்ஓஏவுக்குக் கண் பயம். அரிசோனாவின் பல எச்ஓஏ பத்திரங்களில் "பக்கத்து மனையிலிருந்து தெரிவது" என்பதற்கு ஒரு விளக்கமே உண்டு: ஆறடி உயர ஆள் ஒருவர் அடுத்த மனையில் தரையில் நின்று பார்த்தால் கண்ணில் படுவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலைக்கு ஆகும்.

கராஜ்

இரண்டு சீட் ரேஸர் எக்ஸ்பி 1000 அகலம் 64 அங்குலம், நீளம் 119, உயரம் ஏறக்குறைய 74. இரட்டைக் கார் கராஜ் கதவு வழக்கமாக 16 அடி அகலம், 7 அடி உயரம். ஆக நுழைவதில் சிக்கல் இல்லை. நான்கு சீட் மாடல் என்றால் நீளம் 146 அங்குலம் ஆகிவிடும், அப்போதும் நுழையும். கதவு சாத்தினால் பெரும்பாலும் எந்தச் சட்டமும் தொடாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மாதாமாதம் பணம் கட்ட வேண்டாம். சார்ஜரைச் சுவரில் சொருகி பேட்டரியை உயிரோடு வைத்திருக்கலாம்.

அப்புறம் என்ன என்கிறீர்களா? கார். உள்ளே ரேஸர் படுத்தால் ஒரு கார் வெளியே போக வேண்டும். 2023-இல் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடிய 31 நாள் தொடர்ந்து 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்டதே, அந்த மாதம் முழுக்க என் மனைவியின் காம்ரி டிரைவ்வேயில் வெந்தது. ஸ்டீயரிங்கைத் துணி சுற்றிப் பிடித்து ஓட்டினாள். "உன் பொம்மைக்கு நிழல், எனக்கு வெயிலா?" என்று கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கராஜைக் காருக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் எச்ஓஏக்களும் உண்டு, அதையும் படித்துவிடுங்கள்.

இன்னொன்று. இங்கே பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜுக்குள்தான் நிற்கும். அதை 18 அங்குல மேடையில் ஏற்றி வைத்திருப்பது அழகுக்காக அல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும், நெருப்பு அதற்கு எட்டக்கூடாது என்பதற்காக. ஆகவே ஹீட்டர் பக்கத்தில் கேன் திறந்து பெட்ரோல் ஊற்றும் பழக்கம் வேண்டாம். வண்டியை வெளியே தள்ளி வந்து ஊற்றுங்கள்.

மூன்று கார் "டேண்டம்" கராஜ் உள்ள வீடு உங்களுக்கு வாய்த்திருந்தால், அதாவது ஒரு காருக்குப் பின்னால் இன்னொன்று நிற்கும் ஆழமான அறை இருந்தால், இந்தக் கட்டுரையை இதோடு மூடிவிடலாம். ரேஸருக்கென்றே கட்டியது போல இருக்கும்.

சைடு யார்டு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பக்கவாட்டில் ஆர்வி கேட், அதாவது பெரிய வண்டி நுழையும் அகலக் கதவு, போட்டு உள்ளே நிறுத்திவிடலாம், டிரெய்லரும் அங்கேயே கிடக்கட்டும் என்று. மெசா, கில்பர்ட் பழைய பகுதிகளில் அகலமான பக்கமும் பத்துப் பன்னிரண்டு அடிக் கதவும் உள்ள வீடுகள் நிறைய. அந்த மாதிரி வீடு இருந்தால் இதைவிடச் சுகம் இல்லை.

புது வீடுகளில் கதை வேறு. மனையில் ஒரு பக்கம் 5 அடி, மறுபக்கம் 10 அடி என்று விட்டிருப்பார்கள். 5 அடி என்றால் 60 அங்குலம், ரேஸர் 64. நான்கு அங்குலத்தில் ஒரு பக்கம் செத்துப்போயிற்று. 10 அடிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஏசி யூனிட் நிற்கிறது. அதற்கு மூன்றடி, பைப்புக்குக் கொஞ்சம் என்று கழித்தால் மீதி ஆறடி சொச்சம். கண்ணாடியை மடக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து நுழைக்கலாம். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜூலை மாத வெயிலில் நானும் மகனும் நாலு தரம் அளந்தோம். நாலு தரமும் ஒரே அளவுதான் வந்தது.

நுழைந்தாலும் ஆறடி விதி விடாது. இங்கே மதில் சுவர் பொதுவாக ஆறடி, அதாவது 72 அங்குலம். வண்டி 74. தரையிலேயே கூண்டு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். டிரெய்லர் மேல் ஏற்றி நிறுத்தினால் கழுத்து வரை தெரியும். சுவரை உயர்த்த நகராட்சி வரம்பு, கேட்டை அகலமாக்க எச்ஓஏவின் ஆர்க்கிடெக்சுரல் கமிட்டி, தளத்துக்குப் பேவர் என்று செலவு வண்டியின் விலையைத் துரத்த ஆரம்பிக்கும். வெயிலில் சீட்டும் பிளாஸ்டிக்கும் வெளுத்துப் போவது தனிக் கணக்கு. கள்ளிக்காட்டை ஒட்டிய வீடென்றால் பேக் ராட் எனும் எலி வந்து வயரைக் கடித்துக் கூடு கட்டும். ஒரு நண்பரின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சோயா (cholla) எனும் கள்ளியின் முள் மாலையாகக் கட்டியிருந்தது.

அனுமதி எழுத்தில் வாங்காமல் கேட் போடாதீர்கள். வாய்மொழியாக "சரி சார்" சொன்ன மேனேஜர் அடுத்த வருஷம் இருக்க மாட்டார்.

ஸ்டோரேஜ்

இதைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. வேலி போட்ட இடம், மாத வாடகை, கூரை வேண்டுமானால் கூடுதல். எச்ஓஏ வாயைத் திறக்காது. டிரெய்லரையும் சேர்த்து விட்டுவிடலாம். ஆறு மாதம் நான் அப்படித்தான் வைத்திருந்தேன், மூன்றே தடவை ஓட்டினேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், கேட் ஆறுக்குத்தான் திறக்கும். போனால் பேட்டரி செத்திருக்கும், செருக மின்சாரம் இல்லை. வாரக் கடைசியில் போல்ட் ஒன்றை இறுக்கவும் அரை மணி காரோட்டிப் போக வேண்டும். வண்டி இருந்தும் இல்லாத நிலை. வண்டியை உள்ளே ஏற்றிச் செல்லும் பெரிய டாய் ஹாலர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, அவர்களுக்கு இது சரி. ஒற்றை ரேஸருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நம்பர் பிளேட்

இது பலருக்குத் தோன்றாத வழி. அரிசோனாவில் இந்த வண்டிகளைத் தெருவில் ஓட்டப் பதிவு செய்யலாம். முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, ஹார்ன், பின்பக்கம் பார்க்கக் கண்ணாடி, பிளேட்டுக்கு விளக்கு, சைலன்சர் வேண்டும். கார் போலவே காப்பீடும் எடுக்க வேண்டும்: ஒருவரின் காயத்துக்கு 25,000, ஒரு விபத்தின் மொத்தக் காயத்துக்கு 50,000, பொருள் சேதத்துக்கு 15,000 டாலர். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம்.

பிளேட் இருந்தால் வீட்டு வாசலில் நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். எச்ஓஏ பத்திரத்தில் வண்டி வகையைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் பிளேட் எதையும் மாற்றாது. பிளேட்டின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நோட்டீஸ் ஆயிற்று.

நோட்டீஸ் வந்ததும் எதிர்வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகம். தீபாவளிக்கு அவருக்கு மட்டும் முறுக்கு போகவில்லை. மாநிலச் சட்டம் 33-1803 ஒரு உரிமை தருகிறது. நோட்டீஸ் தேதியிலிருந்து 21 நாளுக்குள் சர்டிஃபைடு மெயிலில் பதில் எழுதினால், அது கிடைத்த பத்து வேலை நாளுக்குள் எச்ஓஏ விளக்கம் தர வேண்டும்: எந்த விதி மீறப்பட்டது, எந்தத் தேதி, பார்த்தவரின் முழுப் பெயர் என்ன, எப்படி எதிர்ப்பது. எழுதினேன். பதில் வந்தது. பார்த்தவர் மேனேஜ்மென்ட் கம்பெனியின் ஆள், வாரம் ஒரு தரம் காரில் சுற்றி வருபவர். மீறல் என்ற கட்டத்தில் ரேஸர் என்று ஒரு சொல்கூட இல்லை. "டிரெய்லர், டிரைவ்வேயில்" என்றிருந்தது.

வண்டி அன்றைக்கும் கராஜுக்குள்தான் இருந்திருக்கிறது. பிரச்சினை முழுக்க அதைச் சுமக்கும் டிரெய்லர். 12 அடித் தட்டும் முன்னால் நீட்டிய நாக்குமாக 16 அடி, ரேஸர் நிற்கும் கராஜில் மூலைவாட்டாகக்கூடப் போகாது. எதிர்வீட்டுக்கு அந்த வாரமே முறுக்கு கொண்டுபோனேன், என்ன விசேஷம் என்று கேட்டார்.

பிளேட் போட்டால் டிரெய்லரை விற்றுவிடலாம், அதுதான் கணக்கு. எங்கள் வீட்டிலிருந்து பவர் ரோட்டில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் அது புஷ் ஹைவேயாக மாறும். புல்டாக் கேன்யன் கேட் அங்கேதான். அனுமதிச்சீட்டோடு வரும் பூட்டு எண்ணைப் போட்டுத் திறந்து, உள்ளே போய் மறுபடி பூட்டிவிட வேண்டும். ஃப்ரீவே ஏறாமல் முக்கால் மணி நேரம். ரேஸரில் 45 மைல் வேகத்தில் பவர் ரோட்டில் போவது இன்பமான அனுபவம் என்று சொல்ல மாட்டேன். பெரிய டயர் தார் ரோட்டில் ஊளையிடும், சிவப்பு சிக்னலில் பக்கத்துக் காரில் இருக்கும் குழந்தைகள் கை காட்டும். ஆனால் டிரெய்லர் இல்லை. கிரவுன் கிங்குக்கோ எல்லை தாண்டி கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேட்டுக்கோ போவதென்றால் அன்றைக்கு மட்டும் வாடகை டிரெய்லர். ஏற்றி இறக்குவதற்கு 24 அல்லது 48 மணி நேரம் பல எச்ஓஏக்களே விட்டுக் கொடுக்கும்.

சண்டை போடலாமா?

தெருவில் நிறுத்துவது பற்றி மட்டும் ஒரு புதுக் கதவு திறந்திருக்கிறது. 2015-க்கு முன் பதிவான எச்ஓஏ, பொதுத் தெருவில் பார்க்கிங்கைக் கட்டுப்படுத்தி வந்தால், அதைத் தொடரலாமா என்று 2025 ஜூன் 30-க்குள் உறுப்பினர்களிடம் ஓட்டெடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டாலோ, எடுத்துத் தோற்றாலோ தெரு அவர்கள் கையை விட்டுப் போயிற்று. உங்கள் எச்ஓஏ ஓட்டெடுத்ததா என்று கூட்டக் குறிப்பை (மினிட்ஸ்) கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட் போட்ட கம்யூனிட்டியின் சொந்தத் தெருவுக்கு இது பொருந்தாது. எச்ஓஏ விலகினாலும் நகராட்சியின் தெரு விதி அப்படியே நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மனைக்குள் நடக்கும் தகராறுக்கு ரியல் எஸ்டேட் துறை வழியாக நிர்வாக நீதிபதி முன் போகலாம், ஒரு பிரச்சினைக்கு 500 டாலர் கட்டணம். அபராதம் அதைவிடக் குறைவாக இருக்கும்போது அந்தப் பக்கம் போவது வீம்பு. வீதியில் பத்துப் பேர் டிரெய்லர் வைத்திருக்க உங்களுக்கு மட்டும் நோட்டீஸ் வந்திருந்தால் யோசிக்கலாம். அப்போதும் தேதி போட்ட போட்டோக்கள் இல்லாமல் போகாதீர்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இது: கராஜ், பிளேட், தேவைப்படும்போது வாடகை டிரெய்லர். பழைய அகல மனை உள்ளவன் என்றால் சைடு யார்டு என்றிருப்பேன். டிரெய்லரைச் சேர்த்து விற்கிறார்கள் என்றால் அதை விட்டுவிட்டு விலை குறைக்கச் சொல் என்றேன்.

நேற்று இரவு ஒரு போட்டோ அனுப்பினான். கராஜ் தரையில் டேப், பக்கத்தில் அவன் மனைவியின் செருப்புக் கால். கீழே ஒரே வரி: "அண்ணே, ரேஸருக்கு இடம் இருக்கு. வாஷிங் மெஷினை நகர்த்தணும், அதை நீங்களே அவகிட்ட சொல்லுங்க."