கால்பந்துப் பயிற்சி முகாமும் ஊருணிப் பொட்டலும்: ஓர் அப்பத்தா பார்த்தது

காரைக்குடிப் பக்கம் பிள்ளையைக் கால்பந்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேரன் நாலாம் வகுப்பு முடித்த கையோடு, ஏப்ரலில் ஒரு தனியார் பயிற்சி முகாமில் சேர்த்தோம். மூன்று மாதத்துக்கு 7,500 ரூபாய். ஜெர்சி, ஷூ, ஷின் கார்டு என்று இன்னொரு 3,200. பதினோராவது வாரம் நிறுத்திவிட்டோம். முகாமின் பெயரை எழுதப்போவதில்லை. சின்ன ஊர், நடத்துகிறவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அங்கே நடக்கிற முறையைச் சொன்னால் போதும், உங்கள் ஊரிலும் அதே முறை இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 34 வருஷம் டீச்சர். மகன் சிங்கப்பூரில், மருமகள் வங்கியில். அதனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் பேரனைக் கூட்டிப்போய், வலைக்கு வெளியே உட்கார்ந்து, ஆட்டம் முடிந்ததும் கூட்டிவந்தது நான்தான். பெற்றோர் பலர் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒரு நாள் விடாமல் முழுசாகப் பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செயற்கைப் புல் தரை, நல்ல விளக்கு, குடிக்கத் தண்ணீர், பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை. முதலுதவிப் பெட்டி வெறும் பெயருக்கு வைத்ததில்லை, உள்ளே மருந்து இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் முறையாகப் படித்தவர், நேரத்துக்கு வருவார். ஆளுக்கொரு பந்து கொடுத்தார்கள். முதல் மூன்று வாரம் பேரன் பறந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தால் வளவுத் தூண்கள்தான், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி நிற்கிற தூண்கள்தான், அவனுக்குப் பயிற்சிக் கூம்பு. ஒவ்வொரு தூணையும் சுற்றிப் பந்தைத் தட்டிக்கொண்டே போவான். ஆத்தங்குடித் தரைக் கல்லில் பந்து உருளுகிற சத்தம் ராத்திரி ஒன்பது மணிவரை கேட்கும். அவன் ஐயா, அதாவது என் வீட்டுக்காரர், சாய்வு நாற்காலியைத் தாழ்வாரத்து ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம் ‘செலக்‌ஷன்’ வைத்தார்கள். அன்றைக்குத்தான் எல்லாம் மாறியது.

வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. ‘ஏ பேட்ச்’, ‘பி பேட்ச்’ என்று இரண்டு பட்டியல், பெயருக்கு நேரே ரேங்க். ஏ-யில் பதினோரு பேர். அவர்களுக்குத் தலைமைப் பயிற்சியாளர், முழு மைதானம். பி-யில் பதினெட்டுப் பேர். அவர்களுக்கு உதவியாளராக வந்த ஒரு கல்லூரிப் பையன், ஓரத்தில் கால்வாசி இடம். கட்டணம் இரண்டு பேட்சுக்கும் ஒன்றுதான். ஏ பேட்ச் மேட்ச் ஆடும்போது பி-யிலிருந்து நாலு பேரைக் கோலுக்குப் பின்னால் நிறுத்தி, வெளியே போகிற பந்தை எடுத்துப் போடச் சொன்னார்கள். என் பேரன் அந்த நாலில் ஒருவன்.

அவனுக்கு அவன் ஐயா பெயரைத்தான் வைத்திருக்கிறது. அந்தப் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, ‘ராசா’ என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சனிக்கிழமை பந்து எடுத்துக் கொடுக்கத் தாமதமாகிவிட்டது. மைதானமே கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்லி, “டேய், தூங்குறியாடா, வீட்டுக்குப் போயிரு” என்று கத்தினார் பயிற்சியாளர். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸில் ஏறினபிறகு, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்: “அப்பத்தா, நான் பாஸா, ஃபெயிலா?”

இதே கேள்வியை அவன் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குப் போனபோது பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் நிறம், பழம், பிராணி எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். அப்பா அம்மா என்ன படித்திருக்கிறார்கள் என்று தனித் தாளில் எழுதி வாங்கினார்கள். வெளியே வந்ததும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “நான் பாஸா?” என்றான். அப்போது அவனுக்கு ஐந்தரை வயது.

அடுத்த வாரத்திலிருந்து பயிற்சி நாளில் மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு வயிற்றுவலி வந்தது. டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். அந்த வயிற்றுவலியை நான் 34 வருஷம் வகுப்பில் பார்த்திருக்கிறேன். பரீட்சை நாளில் வரும், மணி அடித்ததும் போகும். பிள்ளை நடிக்கவில்லை, நிஜமாகவே வலிக்கும். ஒரு வியாழக்கிழமை ஷூவைக் காணோம். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வரிசையாக வைத்திருக்கிற பழைய பீங்கான் ஜாடியில் கிடைத்தது. என் மாமியார் காலத்தில் எலுமிச்சங்காய் ஊறப்போட்ட ஜாடி. கையை விட்டு எடுத்தபோது உப்பு வாசனையோடு வந்தது ஷூ. லேஸை ஒழுங்காக மடித்து உள்ளே செருகி வைத்திருந்தான். திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மிச்சமிருக்கிற பிள்ளைதான் அப்படி மடித்து வைக்கும். என்னால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

பட்டியலில் எனக்கு உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி எழுதிப் பழகிய கை இது. பிள்ளைகள் கழுத்தில் தொங்குகிற அட்டையில் பிறந்த தேதி இருந்தது. ஏ பேட்ச் பதினோரு பேரில் எட்டுப் பேர் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் பிறந்தவர்கள். என் பேரன் டிசம்பர் 3. வயதுப் பிரிவை ஜனவரி ஒன்றை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆக, ஒரே பிரிவில் நிற்கிற ஜனவரிப் பிள்ளைக்கும் இவனுக்கும் பதினோரு மாதம் வித்தியாசம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு! உயரம் வேறு, கால் பலம் வேறு. கனடாவில் 1980களில் ஐஸ் ஹாக்கிக்காரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்து, வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் என்று கண்டார்கள். பிறகு பல நாடுகளில் கால்பந்திலும் அதுதான் தெரிந்தது. முதலில் வளர்ந்தவனைத் திறமைசாலி என்று எடுத்து, நல்ல பயிற்சி கொடுத்து, நிஜமாகவே திறமைசாலி ஆக்கிவிடுகிறோம். சிறியவனை ஓரத்தில் நிறுத்தி, ஆடத் தெரியாதவன் ஆக்கிவிடுகிறோம். ஒன்றாம் வகுப்பிலும் இப்படித்தான். ஜூலையில் ஐந்து முடிந்த பிள்ளை பென்சில் பிடிக்கத் திணறும், மூன்றாம் வகுப்பில் முதல் வரிசைக்கு வந்துவிடும். அதுவரை அதை மக்கு என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் டீச்சரின் வேலை.

அங்கே பார்த்த இன்னும் இரண்டு குறைகள். ஒன்பது, பத்து வயதுக்கு நாலாம் நம்பர் பந்துதான். இவர்கள் கொடுத்தது ஐந்தாம் நம்பர், பெரியவர்கள் ஆடுவது, 410 முதல் 450 கிராம் எடை. அதை வைத்துத் தலையால் முட்டுகிற பயிற்சி வேறு, ஒரே நாளில் இருபது தடவை. அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டவே கூடாது என்று 2015இல் அறிவித்துவிட்டார்கள். அன்றைக்குத் தலைவலி என்று சாப்பிடாமல் படுத்தவன் இவன்.

எட்டாவது வாரம் பெற்றோர் கூட்டம். வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப்போக 12,000 ரூபாய், கலந்துகொண்டால் சான்றிதழ். “ஆறாம் வகுப்புக்குப் பெரிய ஸ்கூல்ல சேர்க்கறப்ப இது உதவும், பின்னால காலேஜுக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு” என்றார்கள். பக்கத்தில் இருந்த பெண் நகையை அடகு வைக்கலாமா என்று காதோடு கேட்டாள். வேண்டாம் என்றேன், காரணமும் சொன்னேன். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு இடம் இருப்பது நிஜம். ஆனால் அது மாவட்டம், மாநிலம், தேசம் என்று அங்கீகரித்த போட்டிகளில் ஆடினவர்களுக்கு. தனியார் முகாம் அச்சடிக்கிற தாளுக்கு இல்லை. அரசு விளையாட்டு விடுதிகளில்கூட ஆறாம், ஏழாம் வகுப்பிலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள். ஒன்பது வயதில் முந்தவேண்டிய வரிசை எதுவும் இல்லை. பள்ளி விஷயமும் அப்படித்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையில் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை அபராதம். இந்தப் பிரிவைச் சொன்னபோது கூட்டத்தில் ஒருவர்கூட முன்பு கேள்விப்பட்டதில்லை என்றார்கள். நம் ஊரிலேயே இப்படியா என்று எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வள்ளல் அழகப்பர் எங்கள் கோட்டையூர்க்காரர், 1947இல் அவர் காரைக்குடியில் கல்லூரி வைத்ததால் படிக்கப்போனவள் நான்.

பயிற்சியாளரிடம் தனியாகப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். “ஆச்சி, ரேங்க் போர்டு வைக்கச் சொல்லிக் கேட்டதே பேரண்ட்ஸ்தான். என் பிள்ளை எங்க நிக்கிறான்னு தெரியணும்னு சொல்றாக. கப்பு வாங்கலைன்னா அடுத்த மாசம் வேற முகாமுக்குப் போயிருவாக. டர்ஃபுக்கு மணிக்கணக்குல வாடகை கட்டறேன்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வலைக்கு வெளியே நின்று, “பாஸ் கொடுக்காதே, நீயே அடி” என்று கத்துகிற அப்பாக்களை நான்தானே பார்த்தேன். கோலுக்கு ஐம்பது ரூபாய் என்று மகனிடம் பேரம் பேசினவரும் இருந்தார். என் மகனே வீடியோவில் முதலில் கேட்டது “எந்த பேட்ச்?” என்பதுதான். அன்றைக்கே அவனிடம், இனி அந்தக் கேள்வியைக் கேட்டால் போனைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் பயிற்சியாளரிடம் ஒன்று சொன்னேன்: பெற்றோர் கேட்டார்கள் என்று வாத்தியார் பிரம்பை எடுக்கக் கூடாது. மீதி நாளுக்குப் பணம் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படித்தான் நடத்தவேண்டும் என்று எங்கேயும் விதி இல்லை. நம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே 2018இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று ‘கோல்டன் பேபி லீக்’ தொடங்கியிருக்கிறது. சின்ன மைதானம், குறைந்த ஆட்கள், எல்லாரும் ஆடவேண்டும் என்பது அதன் எண்ணம். நார்வேயில் பதினோரு வயதுக்குக் கீழே ரேங்க் பட்டியல் போடுவதில்லை. கால்பந்து வீரர் ஹாலந்த் அங்கே வளர்ந்த பிள்ளைதான். என் பேரன் கணக்கு நோட்டு அட்டையில் ஒட்டியிருப்பது அவர் படத்தைத்தான்.

என் மதிப்பீடு: பதின்மூன்று வயதுக்கு மேல், போட்டிக்குப் போகவேண்டும் என்று தானாகக் கேட்கிற பிள்ளைக்கு அந்த முகாம் நல்ல இடம். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அந்த இரண்டும் முதல் மூன்று வாரத்துக்கு.

ஜூலையிலிருந்து பேரன் போவது எங்கள் பக்கத்து ஊருணிக் கரைப் பொட்டலுக்கு. ஓர் அரசுப் பள்ளி பி.டி. வாத்தியார் பள்ளி விட்டபிறகு வந்து ஆடவைக்கிறார். கட்டணம் கிடையாது, பந்து பஞ்சருக்கு வாரம் பத்து ரூபாய் உண்டியலில் போடவேண்டும். இருபது, இருபத்தைந்து பேர் வருகிறார்கள். எட்டு வயதும் உண்டு, பதினாலும் உண்டு, மூன்று பெண்பிள்ளைகள். சாட் பூட் த்ரீ போட்டு அணி பிரிப்பார்கள். தினமும் அணி மாறும், அதனால் நேற்று எதிரணியில் இருந்தவன் இன்று கூட்டாளி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கோல்கீப்பரை மாற்றுவார். பெரிய பையன்கள் இடது காலால் மட்டும்தான் அடிக்கவேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார், சின்னதுகளும் பந்தைத் தொடட்டும் என்று. வையமாட்டார். தப்பு செய்தால் ஆட்டத்தை நிறுத்தி, “இப்ப யாரு காலியா நின்னா? பார்த்துச் சொல்லு” என்று கேட்பார். பேரன் பதில் சொல்ல யோசிக்கிற முகத்தைப் பார்க்கவே நான் போகிறேன்.

குறையும் இருக்கிறது. நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, விளக்கு இல்லை. நெருஞ்சி முள் நிறைய. முதலுதவிக்கு நான் கொண்டுபோகிற பஞ்சும் டெட்டாலும்தான். செம்மண் கறை எந்தச் சோப்புக்கும் போகாது, வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பாதீர்கள். தனித்திறன் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்த அளவுக்கு இங்கே கிடையாது, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஊருணி நிரம்பினால் பொட்டல் சேறாகிவிடும், ஆட்டம் நின்றுவிடும்.

வயிற்றுவலி வரவில்லை. ஷூ இப்போது வாசல் நிலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆனால் பாதி நாள் வெறுங்காலோடுதான் ஓடுகிறான், நானும் வைது பார்த்துவிட்டேன். நாலு கோல் போட்டோம், அஞ்சு கோல் வாங்கினோம் என்று சாப்பிடும்போது சொல்கிறான். ஜெயித்தது யார் என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்கிறான்.

வருகிறவர்கள் தண்ணீர் கொண்டுவாருங்கள். ஐந்து மணிக்குள் வந்துவிடவேண்டும், அதற்குள் அணி பிரித்துவிடுவார்கள். ஞாயிறு கிடையாது.